முட்டுக்காரப் பிள்ளையின் அறைக்கு இன்னும் ஈரம் வேண்டுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் முட்டு வருத்தம் உள்ள பிள்ளை இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். அண்மையில் ஒன்லைனில் 'ஹியுமிடிபயர்' ஒன்று வாங்கியிருந்தாலும், வாங்க நினைத்து விளம்பரத்தைச் சேமித்து வைத்திருந்தாலும் வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்.

என்னிடம் தரம் 7இல் படிக்கும் ஒரு மாணவன் தொடர்ந்து நான்கு நாள் பாடசாலைக்கு வரவில்லை. கெட்டிக்காரன், லீவு போடும் பழக்கமும் இல்லை. போன் எடுத்தேன். உம்மாதான் பேசினார். "புள்ளைக்கு முட்டுக் கூடி ராவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன சேர். வார்டுல வச்சிருந்து நேத்துத்தான் துண்டு வெட்டின." அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறிவிட்டான். (அந்த ராத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். யார், எந்த ஊர் என்று யாரும் கொமன்டில் தேட வேண்டாம்.)

அன்று பின்னேரம் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில், மேசை மேல், வெள்ளை நிறத்தில் அழகான ஒரு மெஷின். வாயிலிருந்து பஞ்சு மாதிரிப் புகை வருகிறது. நீலத்தில் சின்ன லைட். யன்னல் பூட்டிக் கிடக்கிறது. அறைக்குள் நுழைந்ததும் மாரி காலத்தில் காயாத சீருடையில் வருமே, அந்த மணம். அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். அலுமாரிக் கண்ணாடியில் விரலால் தடவினால் வெள்ளைத் தூள்.

"இது எப்ப வாங்கின ராத்தா?"

"ரெண்டு மாசம் சேர். அவர் சவுதியில இருந்து சொல்லி, இஞ்ச ஒன்லைன்ல எடுத்த. இது வந்த பொறகு பம்ப நிப்பாட்டிட்டம். பம்ப் பழகிப் போகுமாமே."

பிறகு வாப்பாவோடு வட்ஸ்அப்பில் பேசினேன். ரியாத்தில் ட்ரைவர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. "சேர், எனக்கு இஞ்ச வந்த புதுசுல மூக்கால ரெத்தம் வாற. தொண்ட காஞ்சி நித்திர இல்ல. கூட இரிக்கிற ஒரு ஆள் இந்த மெஷின வாங்கி வச்சான். அதோட எல்லாம் சரி. மகனுக்கும் நல்லதுதானே எண்டு நெனச்சன்." தனக்குச் சுகம் தந்த பொருளைத் தன் பிள்ளைக்கும் கொடுக்க நினைத்த ஒரு வாப்பாவிடம் என்ன குறை சொல்வது? மெஷினிலும் பழுது இல்லை. ரியாத்தின் காற்றும் நம்முடைய காற்றும் ஒன்று என்று நினைத்ததுதான் பிழை. அந்த நினைப்பை வளர்ப்பவை "ஆஸ்மா, சளி, சைனஸ் எல்லாவற்றுக்கும் தீர்வு" என்று நம் போனுக்குள் நாள் முழுக்க வந்து விழும் விளம்பரங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொத்துவிலிலிருந்து காத்தான்குடி வரை இந்தக் கரையோரத்தில் சாதாரண ஒரு வீட்டுக்கு ஹியுமிடிபயர் தேவையே இல்லை. முட்டு உள்ள பிள்ளையின் அறைக்கு அது பெரும்பாலும் கெடுதல். ஏன் என்று விளங்க, இந்த மெஷின்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். கஷ்டமான விஞ்ஞானம் இல்லை, தரம் 7 பிள்ளைகளுக்கு விளங்கியதுதான்.

காற்றுக்குள் தண்ணீரைச் சேர்க்க வழிகள் சில இருக்கின்றன. பழையது கொதிக்க வைப்பது. கேத்தல் மாதிரித்தான்: உள்ளே சூடாகும் கம்பி, மேலே ஆவி. இதில் ஒரு நன்மை உண்டு. தண்ணீர் கொதிப்பதால் கிருமிகள் செத்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்கள் ஆவியோடு போகமாட்டா, அடியில் சுண்ணாம்பாகப் படியும். உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள், தெரியும். கெடுதல் இரண்டு. ஒன்று கரண்ட்: ஒரு லீற்றர் தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏறத்தாழ முக்கால் யுனிட் போகும். மற்றது ஆபத்தானது. சூடான தண்ணீர் பிள்ளை படுக்கும் அறையில் நிற்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். சளிக்கு ஆவி பிடிக்கிறோம் என்று சுடுதண்ணிச் சட்டியைச் சின்னப் பிள்ளையின் மடியில் வைத்துப் போர்வையால் மூடுவதும் இதே ஆபத்துத்தான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டாவது, ஈரமான திரியினூடாகவோ பஞ்சுப் பலகையினூடாகவோ காற்றை ஊதுவது. உள்ளே ஒரு ஃபேன், அதற்கு முன்னால் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் தடித்த கடதாசி போன்ற ஒன்று. வேறொன்றுமில்லை. கொடியில் ஈரத் துணியைப் போட்டு ஃபேனைத் திருப்பி வைத்த மாதிரி. தண்ணீர் இயல்பாக ஆவியாகிறது, புகை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதிலும் உப்புக்கள் திரியிலேயே தங்கிவிடும். இந்த வகையில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று: அறைக் காற்று ஈரமாக ஆக, ஆவியாவது தானாகவே குறைந்துவிடும். மாரியில் உடுப்புக் காயாததற்கும் இதுவே காரணம். ஆனால் திரியைக் கழுவாமல் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

மூன்றாவது, வேகமாகச் சுழலும் ஒரு தட்டு தண்ணீரைச் சீப்புப் பற்கள் போன்ற ஒன்றில் எறிந்து துளியாக்குவது. இது இங்கே அதிகம் வருவதில்லை.

நான்காவதுதான் நம் வீடுகளுக்குள் வந்து நிற்கும் வெள்ளை மெஷின். கழியொலி வகை. தண்ணீருக்கு அடியில் ஒரு சதக் காசு அளவில் சின்னத் தட்டு இருக்கும். மின் கொடுத்தால் அது அதிரும். ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 இலட்சம் தடவை. நம் காது கேட்பது அதிகபட்சம் 20,000 தடவை வரைதான், அதனால் சத்தமே இல்லை. அந்த அதிர்வில் தண்ணீரின் மேற்பரப்பு உடைந்து மிக நுண்ணிய துளிகளாகப் பறக்கிறது. சூடும் இல்லை, கரண்டும் கொஞ்சம்தான். போனுக்குச் சார்ஜ் போடும் வயரிலேயே சின்ன மெஷின் ஓடும். மலிவு. பார்க்கவும் அழகு. அதனால்தான் சந்தையை இது பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மற்ற இரண்டு வகையிலும் காற்றுக்குள் போவது நீராவி. அதாவது வெறும் தண்ணீர். கழியொலி மெஷினிலிருந்து வருவது நீராவி அல்ல, தண்ணீர்த் துளி. துளிக்குள் என்ன இருந்ததோ அதுவும் சேர்ந்து வரும். கல்சியம் இருந்தால் கல்சியம் வரும். பக்டீரியா இருந்தால் பக்டீரியா வரும். துளி காய்ந்ததும் உப்பு மட்டும் மிஞ்சித் தூளாகப் பறக்கும். அலுமாரிக் கண்ணாடியில் நான் தடவியது அந்தத் தூளைத்தான். ராத்தா அதைப் பவுடர் என்று நினைத்துத் தினமும் துடைத்திருக்கிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரில் 300 மில்லிகிராம் உப்புக் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் பக்கக் கிணறுகளுக்கு இது ஆச்சரியமான அளவு இல்லை. இரவுக்கு இரண்டு லீற்றர் ஓடினால் 600 மில்லிகிராம் தூள். பூட்டிய அறை. உள்ளே மூச்சுக் குழாய் சுருங்கும் வருத்தத்தோடு ஒரு பிள்ளை. துளிகள் மிகச் சிறியவை என்பதால் மூக்கோடு நிற்பதில்லை, நெஞ்சுக்குள் ஆழமாகப் போகக்கூடியவை.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். ஒரு பழைய சீடியை மெஷினின் புகைக்கு மேல் பிடித்துக் காயவிட்டோம். இன்னொரு சீடியைக் கொதிக்கும் கேத்தலின் ஆவிக்கு மேல் (நான்தான் பிடித்தேன், பிள்ளைகளை விடவில்லை). முதலாவதில் வெள்ளைப் புள்ளிகள். இரண்டாவதில் கறையே இல்லை. இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர். வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம், ஐந்து சதச் செலவில்லை.

"கொதிச்சாறின தண்ணி ஊத்தினாச் சரியா சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கிருமி குறையும், உப்புக் குறையாது. கொதித்து வற்றினால் உப்பின் செறிவு கூடவே செய்யும். போத்தல் தண்ணீரிலும் உப்பு உண்டு. காய்ச்சி வடித்த நீர் வேண்டும். உடனே பின்வாங்கிலிருந்து ஒருவன்: "அப்ப ஏசியில இருந்து சொட்டுற தண்ணி காய்ச்சி வடிச்ச மாதிரித்தானே சேர்?" பொல்லாத மூளை! பாதி சரி. அது காற்றிலிருந்து ஒடுங்கிய நீர்தான், உப்பு இல்லை. ஆனால் ஏசிக்குள் இருக்கும் தூசு, அழுக்கு, பூஞ்சணம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. அதை ஊற்ற வேண்டாம்.

ஆனால் அவனுடைய கேள்வியில் வேறொரு பாடம் இருக்கிறது. ஏசி போட்ட அறையிலிருந்து வெளியே ஒரு வாளி நிறையத் தண்ணீர் சொட்டுகிறதே, அது எங்கிருந்து வந்தது? நம் அறைக் காற்றிலிருந்துதான். அவ்வளவு தண்ணீர் ஏற்கெனவே நம் காற்றில் இருக்கிறது. ஏசி கரண்ட் எடுத்து அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பக்கத்திலேயே ஹியுமிடிபயர் வைத்தால் அது கரண்ட் எடுத்துத் தண்ணீரை உள்ளே விடுகிறது. இரண்டுக்கும் நாமே பில் கட்டுகிறோம்.

இலங்கையின் தாழ்நிலப் பகுதிகளில் சாரீரப்பதன் பகலில் பொதுவாக 70 வீதமளவிலும், இரவில் 90 வீதத்தை அண்டியும் இருக்கும். சாரீரப்பதன் என்றால், அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை வீதம் இருக்கிறது என்பது. வீட்டுக்குள் 30 முதல் 50 வீதம் நல்லது என்பதுதான் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்லும் அளவு. அவர்களுக்கு ஹீட்டர் போட்ட குளிர்கால வீடுகளில் காற்று அதைவிடக் காய்ந்துபோகும், எனவே மெஷின் தேவைப்படுகிறது. ரியாத்தில் கோடைப் பகலில் 10 வீதம் என்பது சாதாரணம். அந்த வாப்பாவின் மூக்கில் இரத்தம் வந்ததும், மெஷினால் நின்றதும் நியாயமே. நாமோ மெஷின் எதுவும் இல்லாமலே அந்த நல்ல அளவுக்கு மேலே நிற்கிறோம்.

அந்தப் பிள்ளையின் அறையை அளந்து கணக்குப் போட்டேன். 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. ஏறத்தாழ 34 கனமீற்றர். 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று 30 கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும். முழு அறைக்கும் ஒரு லீற்றர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதன் 80 வீதம் என்றால் 800 மில்லிலீற்றர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மிச்ச இடம் ஒரு டம்ளர், 200 மில்லிலீற்றர். இந்த மெஷின் மணித்தியாலத்துக்கு 300 மில்லிலீற்றர் விடும் என்று அதன் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. யன்னலையும் பூட்டிவிட்டால், ஒரு மணித்தியாலம் முடிய முன்னரே காற்று நிறைந்துவிடும். பிறகு வரும் தண்ணீர் எங்கே போகும்? சுவருக்கு, மெத்தைக்கு, தலையணைக்கு, அலுமாரியின் பின்பக்கத்துக்கு. அங்கே கண்டது பூஞ்சணம். கண்ணுக்குத் தெரியாததும் ஒன்று இருக்கிறது. மெத்தையில் வாழும் நுண்ணிய தூசு உண்ணிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே உயிர் வாழ்கின்றன. காற்றின் ஈரப்பதன் தொடர்ந்து 50 வீதத்துக்குக் கீழே இருந்தால் அவை காய்ந்து சாகும். ஈரம் கூடினால் பெருகும். முட்டைத் தூண்டுவதில் உலகமெங்கும் முன்வரிசையில் நிற்பவை அவற்றின் கழிவுதான். முட்டுக்கு மருந்தென்று நாம் வாங்கிய மெஷின் முட்டைத் தூண்டும் பூச்சிக்குச் சாப்பாடு போடுகிறது.

இந்த இடத்தில் கச்சான் காற்றைப் பற்றி யாராவது கேட்பீர்கள். நியாயம். ஆடி மாதமளவில் மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான், மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது. உதடு வெடிக்கும், தொண்டை வரளும். அந்த நாட்களில் அறைக்குள் ஈரத் துணி ஒன்றைக் கொடியில் போட்டாலே போதும். அதுவும் ஒரு ஹியுமிடிபயர்தான். திரி வகை. விலை இல்லை.

'எயார் கூலர்' வாங்குபவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. ஏசி விலை கட்டாது என்று, தண்ணீர் ஊற்றி ஐஸ் போடும் கூலர்களைப் பலர் வாங்குகிறோம். உள்ளே இருப்பது அந்த ஈரமான கடதாசிப் பலகையும் ஃபேனும்தான். ஹியுமிடிபயர் என்று எழுதாமல் கூலர் என்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், மண் முட்டியில் தண்ணீர் குளிர்வது போல. ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. இரண்டு வெப்பமானிகளை எடுத்து ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றுங்கள். ஈரத் துணி சுற்றியது எவ்வளவு இறங்குகிறதோ, கூலராலும் அதற்குக் கீழே காற்றைக் குளிர்த்த முடியாது. ரியாத்தில் 43 பாகை, 10 வீத ஈரம் என்றால் ஈரக் குமிழ் 20 பாகை வரை இறங்கும். அங்கே கூலர் சொர்க்கம். இங்கே 30 பாகை, 80 வீதம் என்றால் 27க்குத்தான் இறங்கும். அதுவும் அறையை ஈரமாக்கிவிட்டு. வியர்வை காயாமல் புழுக்கம் கூடும். கூலர் வாங்கிவிட்டவர்கள் யன்னலை நன்றாகத் திறந்துவிட்டுப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றாமல் ஃபேனாகப் பாவியுங்கள்.

சரி, மெஷினுக்குள் என்ன ஊற்றுகிறோம் என்பதற்கு வருவோம். இதுதான் எனக்குப் பயமான பகுதி. அந்த ராத்தா தண்ணீரோடு தைலமும் ஊற்றியிருக்கிறார். வேறு ஒரு வீட்டில், ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டுப் பிடிக்கவைக்கும் மருந்தையே இந்த மெஷினில் ஊற்றலாமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது. ஆஸ்பத்திரியில் வைப்பது நெபுலைசர். டொக்டர் சொன்ன அளவு மருந்தை முகத்தோடு ஒட்டிய மாஸ்க் வழியாக நெஞ்சுக்குள் அனுப்ப உண்டாக்கிய கருவி. ஹியுமிடிபயர் அறைக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவி. இரண்டிலும் வெள்ளையாகப் புகை வருவதால் குழம்புகிறோம். தைலங்களில் உள்ள கற்பூரம் சிறு பிள்ளைகளுக்கு நஞ்சாகலாம். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பாவிக்கக்கூடாது என்று கற்பூரம் கலந்த பூச்சு மருந்தின் பெட்டியிலேயே எழுதியிருக்கும். நாம் பெட்டியை வாசிப்பதில்லை. வாசனை முட்டுக்காரரின் குழாயைச் சுருக்கவும் செய்யும்.

டெட்டோல் மாதிரி ஒன்றை இரண்டு சொட்டு விட்டால் கிருமி சாகும்தானே என்று நினைப்பவர்கள் தென் கொரியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே குளிர்காலத்தில் தரையைச் சூடாக்கி வாழ்வார்கள். காற்று காய்ந்துபோகும், எனவே வீட்டுக்கு வீடு கழியொலி ஹியுமிடிபயர். தண்ணீர் தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மூடியளவு ஊற்றும் கிருமிநாசினி 1994இல் கடைக்கு வந்தது. பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு என்று எழுதியே விற்றார்கள். சுத்தம் செய்யப் பயன்படும் இரசாயனம்தான். ஆனால் துளியாக மூச்சில் போனால் என்ன ஆகும் என்று ஒழுங்காகச் சோதிக்கவில்லை. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும் நுரையீரல் இறுகிச் செத்தார்கள். காரணம் என்னவென்று தெரியவே 2011 ஆகிவிட்டது. பதினேழு வருடம். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். விற்ற கம்பனி ஒன்றின் முன்னாள் தலைவருக்கு 2017இல் சிறைத்தண்டனை கிடைத்தது. பிள்ளைக்கு நல்லதென்று ஒவ்வொரு இரவும் தங்கள் கையாலேயே அதை ஊற்றிய உம்மாமாரை நினைத்துப் பாருங்கள். எனக்கு அதை வாசித்த அன்று நித்திரை வரவில்லை.

வெறும் தண்ணீரே ஊற்றினாலும், கழுவாத தொட்டியில் வளரும் கிருமிகளால் வரும் காய்ச்சலுக்கு மருத்துவத்தில் 'ஹியுமிடிபயர் காய்ச்சல்' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அறைக்குள் எந்நேரமும் ஏசி ஓடித் தொண்டை வரள்பவர், டொக்டர் சொல்லிப் பாவிப்பவர், இப்படிச் சிலருக்கு மெஷின் தேவைப்படலாம். அவர்கள் காய்ச்சி வடித்த நீரே ஊற்றுங்கள். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டித் துடைத்துக் காயவிடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைப் படிவுக்கு வினாகிரி நல்லது, பிறகு மணம் போகும்வரை அலசுங்கள். தண்ணீரைத் தவிர எதையும் உள்ளே விட வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, ரியாத் போன்ற காய்ந்த இடங்களில் இருப்பவர்கள் தாராளமாகப் பாவியுங்கள், கழுவிப் பாவியுங்கள். ஊருக்கு அனுப்ப வேண்டாம்.

இனி பம்ப். நான் டொக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குச் சொல்லலாம்தானே? முட்டுக்குக் கொடுக்கும் நீல நிறப் பம்ப்பில் ஒரு தடவை அடித்தால் 100 மைக்ரோகிராம் சல்பியூட்டமோல். அதே மருந்தின் பாணி ஒரு தேக்கரண்டியில் 2 மில்லிகிராம். அதாவது இருபது மடங்கு. பம்ப் நேரே நெஞ்சுக்குப் போவதால் கொஞ்சம் போதும். பாணி வயிற்றுக்குப் போய், இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றி, பிறகுதான் நெஞ்சுக்கு வருகிறது. நாம் பாணியை 'லேசான மருந்து' என்றும் பம்ப்பைக் 'கடும் மருந்து' என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாரத்தில் பார்த்தால் தலைகீழ். கபில நிறத்தில் தரும் தடுப்புப் பம்ப் வேறு. முட்டு வராத நாட்களிலும் எடுத்தால்தான் அது வேலை செய்யும். இரண்டுக்கும் 'பழகிப் போகும்' குணம் இல்லை. நிப்பாட்டுவதென்றால் கிளினிக்கில் கேட்டு நிப்பாட்டுங்கள். மெஷின் வந்துவிட்டது என்று நிப்பாட்ட வேண்டாம்.

இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. சிலருக்குக் கோபம் வரும். வெள்ளிக்கிழமை இரவில் வீடு நிறையச் சாம்பிராணி போடுகிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகையில் தலை காட்டுகிறோம். நுளம்புத்திரி வேறு. புகை எதுவானாலும் முட்டுக்காரப் பிள்ளைக்குப் புகைதான். மணம் எனக்கும் பிடிக்கும், என் உம்மும்மாவின் வீடு ஞாபகம் வரும். ஆனால் நெஞ்சு இழுக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை விட்டுவிடலாம் என்றே சொல்வேன்.

அந்த ராத்தா மெஷினைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பூஞ்சணத்தைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டு, பகலில் யன்னலைத் திறந்து விடுகிறார்கள். கிளினிக்கில் பம்ப்பை மறுபடி தொடங்கி, ஸ்பேசர் வைத்து அடிக்கவும் பழக்கிவிட்டார்கள். பிள்ளை கடந்த கிழமை விளையாட்டுப் பாடத்துக்கும் இறங்கினான், பம்ப் சட்டைப் பையில். இனி வரவே வராது என்று நான் சொல்லவில்லை. முட்டு அப்படிப்பட்ட வருத்தம்.

என்னிடம் சின்ன ஈரமானி ஒன்று இருக்கிறது. தீப்பெட்டி மாதிரி, நம்பர் காட்டும். மெஷின் வாங்க நினைப்பவர்கள் முதலில் அதை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் பிள்ளையின் அறையில் வைத்துப் பாருங்கள். காலை, பகல், இரவு மூன்று நேரமும் நம்பரை ஒரு கடதாசியில் எழுதுங்கள். 60க்கு மேல் காட்டினால் மெஷின் வாங்கும் காசுக்கு மெத்தை உறை வாங்குங்கள். இந்தக் கிழமை ஈரமானி ஒரு வீட்டில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை திரும்பி வரும். வேண்டியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், வரிசைப்படி தருகிறேன். திருப்பித் தரும்போது நீங்கள் எழுதிய கடதாசியையும் தாருங்கள். வகுப்பில் பிள்ளைகள் வரைபு வரையக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.